டேங்கை மட்டும் ஏன் திறக்கவில்லை, மாப்ளே?

என் உசுரு மாப்ளே அந்தோணிக்கு,

கோளாறு எதுவென்று தெரிந்துவிட்டது. நலமா என்று கேட்கும் இடத்தில் நீ இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். நம் சிவப்பு வண்டி ஏன் டிராக்கில் மூச்சடைத்து நின்றது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. திண்டுக்கல்லில் நீயும் நானும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். யாரோ மோதி நசுக்கிப் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, எலும்பிலிருந்து கட்டி எழுப்பினோம். மாதம் ஒருமுறை மினி லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவோம். முதல் சில சுற்று பறக்கும். அப்புறம் அந்த நீளமான வலது வளைவில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் இருமும், இழுவை செத்துப்போகும். பின்னால் வந்தவன் உன் மேல் ஏற்றாமல் போனது பெத்தவங்க செய்த புண்ணியம்.

டிராக் ஓரத்தில் வண்டி பார்க்கிற பிட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பெட்ரோல் பிரஷர் சரியாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நீ பம்ப்பை மாற்றினாய். மாற்றியதும் நன்றாக ஓடியது, அடுத்த தடவை மறுபடி இருமல். மறுபடி பம்ப். அப்புறம் வயரிங், ரிலே, இன்ஜெக்டர் என்று ஒன்று விடாமல் பிரித்துப் போட்டாய். டேங்கைப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அது என் கையால செஞ்சது மச்சான், அத விட்டுட்டு மத்ததப் பாரு" என்றாய். நானும் விட்டுவிட்டேன். நீ வைத்த வெல்டிங் என்றைக்கு ஒழுகியிருக்கிறது?

அப்புறம் உனக்குக் காமாலை என்றார்கள், கல்லீரல் என்றார்கள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், கையை விரித்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்துகொண்டு பெண்டாட்டியைப் பற்றிக்கூட நீ பேசவில்லை, பாவி. வண்டியைத்தான் கேட்டாய். "காரணத்தக் கண்டுபிடி. இல்லேன்னா ஒடச்சுப் போட்டுரு. தெரியாத கோளாற வச்சுக்கிட்டு யாரு கையிலயும் குடுத்துராத." அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. உடைத்துப் போட எனக்குக் கை வருமா? அந்த வண்டியைத் தவிர நீ எனக்கு வேறு எங்கே மிச்சம் இருக்கிறாய்?

நீ ஓட்டுவாய், நான் அந்த வளைவின் வேலியோரம் நின்று காது கொடுப்பேன். இரண்டு பேருமே காதை நம்பிப் பிழைத்தவர்கள். இப்போது ஓட்டுவது நான், வேலியோரம் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல், பெட்ரோல் உள்ளே சிந்தாமலிருக்க, பிரஷர் மீட்டரை முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். வளைவில் ரோட்டைப் பார்ப்பேனா, முள்ளைப் பார்ப்பேனா? போனைக் கட்டி வைத்துப் படம் பிடித்தேன், அதிர்வில் ஒரு மண்ணும் தெரியவில்லை.

கடைசியில் ஸ்டெல்லாதான் வந்தாள். உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி, அந்த வண்டியைச் சக்களத்தி என்று வாய்க்கு வாய் திட்டியவள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். டிராக் கேட்டில் இருக்கிற அந்த ஆள், விஷயம் தெரியாமல், "ஏனுங்கண்ணா, அவரு வரலீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார். அவள்தான் "வரலைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

முள்ளைப் பார்த்து, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல, எண்ணைக் கத்திக்கொண்டே வந்தாள். மூணு, மூணு, மூணு. சில சுற்று கழித்து அந்த வலது வளைவில் குரல் மாறியது. ரெண்டு என்றாள், ஒண்ணு என்றாள், வண்டி இருமியது. நான் காலை எடுத்து ஓரமாக உருட்டினேன். முள் மறுபடி மூணுக்கு ஏறிவிட்டது என்றாள். அப்போதே எனக்கு உறைத்துவிட்டது. இழுக்கும்போது எதுவோ வந்து அப்புகிறது, இழுப்பு நின்றால் உதிர்ந்துவிடுகிறது. அது டேங்குக்குள்தான் இருக்க முடியும்.

ஊருக்கு வந்து உன் டேங்கை அறுத்தேன். அறுக்கும்போது உன்னைக் கண்டபடி திட்டினேன், மாப்ளே. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க நீ உள்ளே ஸ்பாஞ்ச் திணித்திருந்தாயே, அது பெட்ரோல் டேங்குக்கான ஸ்பாஞ்ச் இல்லை. சரியானது வரும்வரை பொறுமையில்லாமல் மெத்தை தைக்கிறவரிடம் வாங்கி வந்து அடைத்தது. பெட்ரோலில் ஊறி ஊறி உப்புமா மாதிரி உதிர்ந்து, உறிஞ்சுகுழாயின் வாய்வலையில் அப்பிக் கிடந்தது. பம்ப் மாற்றும்போதெல்லாம் குழாயில் காற்றடித்து மாட்டுவது உன் பழக்கம். அந்தக் காற்றில் வலை சுத்தமாகிவிடும், வண்டி ஒரு நாள் நன்றாக ஓடும். நீ பம்ப்பைக் கும்பிட்டாய்.

ஸ்டெல்லா அந்தத் தூளை உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்காக அவளைத் தனியாகப் பூசைக்கு அனுப்பியிருப்பாய்?

"இம்புட்டுத்தானாண்ணே?"

"இம்புட்டுத்தாம்மா."

சரியான ஸ்பாஞ்ச் வரவழைத்துப் போட்டு, டேங்கை மூடி, போன வாரம் மறுபடி டிராக்குக்குப் போனோம். அவள் மூணு, மூணு என்றே சொல்லிக்கொண்டு வந்தாள், கடைசிச் சுற்றுவரை மூணுதான். ஒரு இருமல் இல்லை. உனக்கு ஒரு நாள்கூட அப்படி ஓடியதில்லை, மாப்ளே. சந்தோஷப்பட வேண்டியவன் நான், பிட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இத்தனை மாதமும் ஒர்க்‌ஷாப்பில் பைத்தியக்காரன் மாதிரி உன்னோடு பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். ரிலேயா மாப்ளே, வயரா மாப்ளே என்று. கேள்வி இருந்தது, அதனால் நீயும் இருந்தாய். இப்போது ஸ்பானரைக் கையில் எடுத்தால் உன்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை. விடை தெரிந்திருந்தால் நீ சிரித்திருப்பாயா, தலையில் அடித்துக்கொண்டிருப்பாயா? அதைக்கூட நான் இனி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்?

நீ சொன்னபடி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், அதனால் வண்டியை உடைக்கப் போவதில்லை. ஆனால் அந்த டேங்கில் இப்போது இருப்பது என் வெல்டிங். அதில் தப்பு இருந்தால் என் கண்ணுக்குத் தெரியாது. நீ இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிக் கேவலப்படுத்தியிருப்பாய். சத்தியமாகச் சொல்கிறேன், இனி அந்த வண்டி இருமினால் முதலில் என் கைவேலையைத்தான் அறுப்பேன். அறுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்பேன்.

உன் வாயால் திட்டு வாங்க ஏங்கும்,
உன் மச்சான் பாண்டி