ஒட்டு பிடித்துவிட்டது என்றீர்கள்

ஆடியில் நீங்கள் கடைசியாக ஒட்டுக்கட்டிய மாஞ்செடிகளுக்குக் கட்டை அவிழ்க்க நேற்றுக் காலை நாற்றுக் கொட்டகைக்குப் போனேன். கத்தி எடுக்க உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன். மாம்பால் வாசனை குப்பென்று வந்தது. பாலிதீன் நாடாச் சுருளுக்கு அடியில் பத்தொன்பது மாத்திரைகள் உதிரியாகக் கிடந்தன. ரத்தம் கட்டாமல் இருக்க நீங்கள் ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரைகள். நான் தினமும் மாத்திரை அட்டையைப் பார்ப்பேன் என்று தெரிந்து, ஒவ்வொரு நாளும் ஒன்றைப் பிதுக்கி இதில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எத்தனை கெட்டிக்காரத்தனம். யாரை ஏமாற்றினீர்கள்?

செடிகள் அத்தனையும் துளிர்விட்டு நிற்கின்றன. எருத்தேன்பதியில் உங்களைப் போல் ஒட்டுக்கட்ட ஆள் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. செடியில் ஒரு தப்பும் செய்யாத மனிதர் நீங்கள்.

எல்லாம் தொடங்கியது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குத்தான். டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "அடைப்புக்குக் கால்ல இருந்து ரத்தக்குழாய் எடுத்து ஒட்டியிருக்கோம். கெட்டுப்போன வால்வை எடுத்துட்டு செயற்கை வால்வு வச்சிருக்கோம். மத்த மருந்தெல்லாம் மாறும். இந்த ஒரு மாத்திரையை மட்டும் எப்பவும் நிறுத்தக் கூடாது." நீங்கள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டீர்கள். காரில் வரும்போது என் காதருகே வந்து, "நம்ம வேலைதான் புள்ள. வேர்ச்செடி ஒண்ணு, ஒட்டற கொம்பு வேறொண்ணு" என்றீர்கள். நானும் சிரித்தேன். அங்கன்வாடியில் முப்பது வருசமாக ஊருக்கே ஆரோக்கியம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், சிரித்தேன்.

வாய்க்கால் மேட்டில் நாலடி ஏறினால் மூச்சு வாங்கியவர், மூன்றே மாதத்தில் டீக்கடைக்கு நடந்து போய் வந்தீர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்த சொந்தக்காரர்கள் எல்லாம் மறுபிறப்பு என்றார்கள். எனக்குப் பிடிக்காதது அந்தச் சத்தம் ஒன்றுதான். டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், சட்டைப் பையில் கடிகாரம் இருப்பதுபோல் உங்கள் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்கும். வால்வு திறந்து மூடுகிற சத்தம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாலும், நான் எழுந்து போய் மறுபடி டிவியைப் போட்டுவிடுவேன்.

ஆடியில் வேர்ச்செடிகள் ஒட்டுக்குத் தயாராக நின்றன. முதல் நாளே கத்தி விரலில் லேசாகக் கீறியது. துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை.

"கத்தியப் புடிக்கறவனுக்கு ரத்தம் நிக்கலீன்னா எப்படி புள்ள வேலை செய்யறது?"

"ஆள விட்டுக் கட்டிக்கலாமுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

நீங்கள் முறைத்தீர்கள். மாத ரத்தப் பரிசோதனைக்குக் கொழிஞ்சாம்பாறை போக வேண்டும் என்றேன். அடுத்த வாரம் என்றீர்கள். இன்னொரு நாள் செடியைப் பார்த்தபடி, "ஒட்டுப் புடிச்சதும் கட்ட அவுத்துப்போடோணும். அப்படியே உட்டா கழுத்த நெரிச்சுப்போடும்" என்றீர்கள். செடியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், உங்களுக்கு ரசம் ஊற்றும்போது வீடு அமைதியாக இருந்தது எனக்குத் தட்டுப்பட்டது.

"ஏனுங்க, அந்தச் சத்தத்தையே காணமுங்க?"

நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தீர்கள். "ஒட்டுப் புடிச்சுருச்சு புள்ள."

நான் நம்பினேன். நம்பியது மட்டுமா? மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன். தங்கச்சிக்குப் போன் செய்து, உடம்பு வால்வை ஏற்றுக்கொண்டது என்று பெருமையடித்துக்கொண்டேன். பத்து நாள் அந்த நிம்மதியில் இருந்தேன். கொட்டகையில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் நீங்கள் இரண்டு இடத்தில் நின்றபோதுகூட வாயுவாக இருக்கும் என்று சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே மூச்சு முட்டி, உங்களைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "வால்வு சத்தம் எப்ப இருந்து கேக்கலம்மா?"

"பத்து நாளாச்சுங்க. நல்லபடியா ஒட்டிக்கிச்சுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாத்திரை தினமும் போடுகிறாரா என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள், ஆக்சிஜன் முகமூடிக்குள் இருந்து நீங்கள் இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். வால்வில் ரத்தம் கட்டி, அது அசையாமல் நின்றதால்தான் சத்தமும் நின்றிருக்கிறது. கரைக்க மருந்து ஏற்றினார்கள். மறுபடி நெஞ்சைத் திறக்க உங்கள் உடம்பில் தெம்பில்லை. "கால்ல இருந்து எடுத்து ஒட்டினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று டாக்டர் பிறகு சொன்னார். ஒட்டு பிடித்துத்தான் இருந்தது, பாருங்கள்.

கருமாதிக்கு வந்தவர்கள், "பேசாம ஆபரேசன் பண்ணாமயே உட்டிருக்கலாம்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உங்கள் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. அந்த வாயை மூன்றாம் வீட்டு ரங்கநாயகி அக்காதான் திறக்க வைத்தார். அவருக்கும் வால்வு மாற்ற நாள் குறித்திருந்தார்கள். உங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "செத்தா ஊட்டுலயே சாவறேன்" என்று படுத்துக்கொண்டார். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் மாத்திரையை நிறுத்தியது, சத்தம் நின்றதும் நான் கற்பூரம் ஏற்றியது, எல்லாம். உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் அவருக்கு ஆபரேசன் நடந்தது.

நேற்று எல்லாச் செடிக்கும் கட்டை அவிழ்த்துவிட்டேன். செடிக்கு நீங்கள் சொன்னது சரிதான். அந்தப் பத்தொன்பதையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

இப்போது தினமும் அங்கன்வாடிக்குப் போகிற வழியில் அக்கா வீட்டில் நுழைகிறேன். மாத்திரையை என் கண்முன்னால் விழுங்க வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்கிறேன். இன்றைக்கு அவர் சலித்துக்கொண்டார். "இந்தச் சத்தம் எப்பத்தான் டீச்சர் நிக்கும்?"

"நிக்கவே கூடாதுங்கக்கா" என்றேன். டிக் டிக் என்று கேட்டது. உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.