இளநீர் வேனுக்குப் பின்னால் இருபது நிமிடம்

பாசிர் கூடாங், ஜொகூர்
ஜூலை 27, ஞாயிறு

மெல்பர்னில் இருக்கும் தம்பி ரூபேந்திரனுக்கு,

அக்கா பிரேமலா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் சுகுமாறனும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், ரோஸ் கலர் டீ-சட்டையும் உடம்பைப் பிடிக்கிற கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, கடற்கரையில் இளநீர் விற்கிற வேனுக்குப் பின்னால் இருபது நிமிடம் குந்தியிருந்து உன்னை வேவு பார்த்தேன். அதற்குமேல் முட்டி பிடித்துக்கொண்டது. இளநீர்க்காரர் ஒரு கையையும் பக்கத்து வீட்டு மஹ்மூதா இன்னொரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். நீ தம்பியைப் பார்த்து ஒளியிறியா, போலீஸைப் பார்த்து ஒளியிறியா என்று மஹ்மூதா கேட்டாள். என் மானம் அந்த இளநீர்க்காரருக்குக் கூடத் தெரிந்துபோயிற்று. மறுநாள் அவரே விசாரிக்கிறார், "தம்பி போயிட்டாரா அக்கா?" என்று.

அந்த வேஷம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் ஞாயிறு காலையில் கடற்கரையில் பாட்டுப் போட்டு ஆடுகிறோம். உடற்பயிற்சி என்று அதற்குப் பெயர். ஒரு மணி நேரம் ஆட்டம், ஒரு மணி நேரம் ஊர்க்கதை, அதற்குப் பிறகு பேப்பரில் கட்டின நாசி லெமாக் சோறு. சேர்ந்ததிலிருந்து நான் மூன்று கிலோ கூடியிருக்கிறேன். அன்றைக்கு இடுப்பை இடது பக்கம் திருப்பிய நேரத்தில்தான் கார் நிறுத்துமிடத்தில் அந்த வெள்ளை வாடகைக் காரிலிருந்து நீ இறங்கினாய். நான் இடது பக்கமே போய்விட்டேன், வேன் வரைக்கும்.

உன் மனைவி லோஷினி தலையில் குடை மாதிரி ஒரு தொப்பி. மகன் கவின் கையில் பெரிய பட்டம். நீ கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, பேப்பரில் கட்டிய ஒரு பொட்டலத்தோடு, யாரோடும் பேசாமல் தண்ணீரில் இறங்கினாய். நாசி லெமாக்கைக் கடலில் நின்றுதான் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் சொல்லிக் கொடுத்தார்கள் போலிருக்கிறது. அதற்கு முன்னால் லோஷினி காப்பியை நீட்டினாள், நீ வேண்டாமென்று கையாட்டினாய். எங்கள் ஊர்க் கடைக் காப்பி உன் தொண்டையில் இறங்காது, அங்கே நுரை போட்டுத் தருவார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. முட்டி.

நீங்கள் சுற்றிய மற்ற இடங்களையும் மஹ்மூதாவின் போனில் பார்த்தேன். லோஷினி படம் படமாகப் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை பட்டம் மியூசியம். அந்தக் குன்றின் மேல் நின்று பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரியும், நான் அப்போது பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மூவார். ஒரு தட்டு மீ பண்டோங் நூடுல்ஸுக்காக இரண்டரை மணி நேரம் கார் ஓட்டியிருக்கிறாய். உன் அக்கா வீட்டுக்கு அந்தக் கடற்கரையிலிருந்து பத்து நிமிடம். வழியில் சிக்னல் ஒன்றுதான், அதுவும் பாதி நாள் வேலை செய்யாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் சமைக்கவில்லை. உன் அத்தானை இழுத்துக்கொண்டு ஈக்கான் பாக்கார் கடைக்குப் போனேன். வாழை இலையில் சுட்ட பாரி மீன், சம்பல் அள்ளிப் பூசியது, இரண்டு பெரிய துண்டு நான் ஒருத்தியே தின்றேன். மீன் உனக்கு என்னா செஞ்சிச்சி என்று அத்தான் கேட்டார். நான் முள்ளைக் கடித்தேன்.

உனக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். போன வருஷம் உன் விமானம் ரத்தாகி நீ அங்கேயே மாட்டிக்கொண்டாய். அம்மாவை எரித்த மறுநாள், அஸ்தி கரைக்க இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள் அக்கா, நான்தானே மகன் என்று போனில் அழுதாய். நான் பொறுக்கவில்லை. நாள் தள்ளக் கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டதாக எல்லாரிடமும் சொன்னேன். தாராளமாக ஒரு நாள் காத்திருக்கலாம் என்றுதான் அந்த மனுஷர் சொன்னார். இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைத்துக்கொள்.

ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவளைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டவள் நான். அப்போதெல்லாம் அவள் கேட்டது உன்னை. தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா. கடைசியில் நீ வந்து முன்னால் நின்று கலயத்தைத் தூக்குவாய், நான் பின்னால் நின்று மூக்கைச் சிந்த வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அத்தானை விட்டுக் கரைக்கச் செய்தேன். அன்று சாயங்காலமே நீ வந்து வாசலில் பையோடு நின்றாய். நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது:

"அம்மாவப் பாக்கணும்னா கடல்ல போய்ப் பாரு. கடல் எங்கயும் போயிடாது."

நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். உன் நம்பரையும் அன்றைக்கே போனில் தடுத்து வைத்தேன். அதை எடுத்துவிட இரண்டு மாதமாக முயற்சி செய்கிறேன், எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. மஹ்மூதாவிடம் கேட்டால் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் தபால்.

வரும் புதன்கிழமை முப்பதாம் தேதி அம்மாவின் முதல் வருஷத் திதி. தலை வாழை இலை சொல்லியாயிற்று. அவளுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பால் பாயசம். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும், ஆகவே உன்னை அழைக்கிறேன் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள். மகன் கடற்கரையில் காற்று வாங்கப் பறந்து வந்தான், பத்து நாள் தள்ளி வந்திருந்தால் அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம், அது தோன்றவில்லை. மகள் ஒருத்தி நாள் தவறாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

கவின் நன்றாக வளர்ந்துவிட்டான். வேனுக்குப் பின்னாலிருந்து பார்த்தாலும் அது அம்மாவின் நெற்றிதான். அவனுக்குச் சுற்றிப் போடு, கண்ட கண்ணும் பட்டிருக்கும், என் கண் உட்பட. லோஷினியிடம் தொப்பி நன்றாக இருந்தது என்று சொல். அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தால் நான் கதவைத் திறப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எங்கள் கேட்டின் பூட்டு கெட்டுப்போய் மூன்று மாதமாகிறது. தள்ளினால் திறக்கும். நீ தள்ளு.

எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

உன் அக்கா,
பிரேமலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் புதன்கிழமைக்கு ஞாபகப்படுத்தலாம் என்று கோவில் ஐயரைக் கூப்பிட்டேன். திதிக்கு இங்கிலீஷ் தேதி பார்க்கக் கூடாதும்மா என்றார். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, அம்மா இறந்தது ஆடித் தேய்பிறை தசமி, அது போன ஞாயிற்றுக்கிழமையே, நீ பொட்டலத்தோடு கடலில் இறங்கிய அன்றைக்கே, வந்து போய்விட்டது என்கிறார்.