எங்கள் வாசலில் உன் வீட்டு ஸ்டார்

என் ரோஸ்லி மைனிக்கு,

நீ இருக்கும்போது நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா செல்வி மைனி, இருக்கியா?" என்று நீதான் முதலில் பேச்சைத் தொடங்குவாய். இப்போது நான் தொடங்குகிறேன். எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்குள்ள சேதியைச் சொல்கிறேன்.

இன்று இருபத்து நான்காம் தேதி. விடிந்தால் கிறிஸ்மஸ். இந்த மாதம் பிறந்தபோது நான் நின்ற நிலையை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஒரு துணி எடுக்கவில்லை, ஒரு சாமான் வாங்கவில்லை. என்ன வாங்க வேண்டும் என்பதே தெரியவில்லை.

நீயோ ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுவாய். இந்த வாரம் ஒரு துணி, அடுத்த வாரம் ஒரு பொம்மை, யாருக்கு என்ன என்று எல்லாம் உன் மனதுக்குள்ளேயே இருக்கும். டிசம்பரில் நாங்கள் கடைத்தெருவில் நெரிசலில் நசுங்கும்போது நீ காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். எனக்கும், நீ அண்ணாச்சி என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரருக்கும்கூட ஒரு பொட்டலம் வரும். அவர் கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே பிரித்துப் பார்ப்பார். அத்தனை வருஷமும் நான் வாங்கிக்கொண்டேன். நீ எப்படிச் செய்கிறாய் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. நீ ஒரு வாரக் காய்ச்சலில் போய்விடுவாய் என்று யாருக்குத் தெரியும்?

நவம்பரில் உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் மாலத்தீவுக்குத் தோணி எடுத்துக்கொண்டு போனார். நீ போன பிறகு இதுதான் அவருடைய முதல் நடை. காய்கறியும் கட்டடக் கல்லும் ஏற்றி முடித்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். தோணியையே ஓட்டுகிற தண்டல், அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு அவ்வளவு நேரம் தயங்கினார்.

"தங்கச்சி, நான் கிறிஸ்மசுக்கு முன்ன வந்துருவேன். அதுக்குள்ள பிள்ளையளுக்கு ஏதாவது எடுக்கணும்னா கொஞ்சம் பாத்துக்கோ. எனக்கு அதெல்லாம் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா மைனி? தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அண்ணாச்சி ஒரே துணியில் எல்லாருக்கும் எடுத்துவிட்டு வருகிற ஆள். ஆனாலும் "நீங்க தைரியமா போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். கடையில் சரக்கு நனையாமல் ஏற்றி வைப்பதற்கே நவம்பர் போய்விட்டது.

தண்ணீர் வடிந்து நிமிர்ந்து பார்த்தால் தெரு முழுக்க ஸ்டார் தொங்குகிறது. உன் வீட்டு வாசல் மட்டும் இருட்டு. உன் சின்ன மகள் ஜெனிலா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, நம்ம வீட்டுக்கு இந்த வருசம் கிறிஸ்மஸ் வராதா?"

ஆறு வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்குள் போனேன்.

பதில் உன் நாத்தனார் பிலோமி அக்காவிடம் இருந்தது. அண்ணன் கடலுக்குப் போனதும் மணப்பாட்டிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நான் ஸ்டார் பேச்சை எடுத்ததுமே அவர்கள் முகம் மாறிவிட்டது.

"வருசம் திரும்பாத துக்க வீடு இது. ஸ்டார் கெடையாது, குடில் கெடையாது, அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. பிள்ளையள நான் மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற ஜூன்ல அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்."

"பள்ளிக்கூடமா? அண்ணன்ட்ட கேட்டியளாக்கா?"

"என் தம்பி பிள்ளைய. நான் கேட்டுக்கிடுவேன். நீ யாரு செல்வி இதுல?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. உன் ஊர் இல்லை, உன் கோயில் இல்லை, உறவும் இல்லை. அண்ணி முறை வைத்து மைனி என்று நாம் இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டதுதான். ஆனால் உன் மூத்தவள் ஷெரின் கதவோரமாய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து அந்தப் பிள்ளை கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று உறுதியாகிவிட்டது.

"நான் பக்கத்து வீட்டுக்காரிதாங்க்கா. துக்கம் உங்க வீட்ல. நீங்க சொல்லுததுல ஒண்ண மீற மாட்டேன். உங்க வீட்ல ஸ்டார் தொங்கக் கூடாதுன்னா எங்க வீட்ல தொங்கட்டும். உங்க அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாதுன்னா எங்க அடுப்புல ஏத்துதேன். நடுவுல ஒரு சுவருதான இருக்கு."

பிலோமி அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனார்கள். எங்கள் வீட்டில் நான் எதைத் தொங்கவிட்டால் அவர்களுக்கு என்ன?

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு அண்ணாச்சி ஏணியைச் சாத்தினார். உன் பரண் மேலிருந்த அதே சிவப்பு ஸ்டார்தான். ஷெரின் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒயரை மாட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் போன ஒருவர் நின்று, "என்ன அண்ணாச்சி, வேதத்துல சேந்து கிறிஸ்தவராயிட்டியளா?" என்று கேட்டார். இவர் ஏணியிலிருந்து திரும்பாமலே, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்லே, போ" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குடில் எங்கள் சாமி அலமாரிக்குக் கீழே. பனி வேண்டும் என்று ஜெனிலா ஒற்றைக்காலில் நின்றாள். பஞ்சு வைத்தேன், பிடிக்கவில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு படி கல்லுப்பைக் கொண்டுவந்து கொட்டினார். விளக்கைப் போட்டதும் அது மின்னியது. மாட்டுக்கு உப்பு நல்லது என்று சொல்லி, பொம்மை மாட்டை உப்புக்கு நடுவில் நிறுத்திவிட்டாள் உன் மகள்.

அதன் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. துணி எடுக்க வேண்டுமே. ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. ஜெனிலாவுக்குச் சின்னதாய் மணி வைத்த மஞ்சள் கவுன், அவளே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிலோமி அக்காவுக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைப் பூப்பின்னல் முக்காட்டுத் துணி. அதை எடுத்தவள் ஷெரின். "மாமியோடது கிழிஞ்சிட்டு" என்றாள். நான் அதைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவள் உன் மகள்தான்.

"உனக்கு என்னம்மா எடுக்கலாம்?"

"எனக்கு வேண்டாம் மாமி. போன வருசம் அம்மா எடுத்த சுடிதார் இருக்கு. அதப் போட்டுக்கிடுதேன்."

நான் இன்னொரு முறை கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். மைனி, ஒரு வருஷத்தில் அவள் எவ்வளவு உயர்ந்துவிட்டாள் தெரியுமா? வீட்டுக்கு வந்து அந்தச் சுடிதாரின் கீழ்மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போது சரியாக இருக்கிறது.

கிளம்பப் போகும்போது அவளே கேட்டாள். "அப்பாவுக்கு யாரு எடுப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தோணி அண்ணன் ஒரு நாளாவது ஜவுளிக்கடை ஏறியிருப்பாரா? கடைப்பெண் அளவு கேட்டாள். எனக்குத் தெரியாது. ஷெரினுக்கும் தெரியாது. எங்கள் வீட்டு ஆளை வைத்து அளவு பார்த்தால் அண்ணனுக்கு ஒரு கைகூட நுழையாது. இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நின்றோம். அப்போது, பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரை ஷெரின் உற்றுப் பார்த்தாள்.

"மாமி, அந்த அண்ணாச்சி முதுகு அப்பா முதுகு மாதிரியே இருக்கு."

யோசித்தால் நடக்காது என்று நேரே அவரிடம் போனேன். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இந்தப் பிள்ளையோட அப்பா தோணியில போயிருக்காங்க. உங்க ஒடம்புதான் அவங்களுக்கும். ஒரு நிமிசம் எந்திச்சி நின்னியன்னா சட்டைய வச்சிப் பாத்துக்கிடுவோம்."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "தாராளமா பாரும்மா. ஆனா சட்டைய எங் கையில குடுத்துராத. நான் ஒண்ணுக்கு ரெண்டு எடுத்துட்டேன்னு எம் பொண்டாட்டி வந்து பேசுவா."

ஷெரின் எம்பி நின்று, நீலக்கட்டம் போட்ட சட்டையை அவர் முதுகில் விரித்துப் பிடித்தாள். தோள் சரியாக இருந்தது. முன்னால் வந்து வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா வயிறு இத விடக் கொஞ்சம் பெருசு" என்றாள்.

"இத விடவா?" என்று அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "அப்ப நல்லாத்தான் சாப்பிடுதாரு. சந்தோசம்."

ஷெரின் சிரித்துவிட்டாள் மைனி. வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல், சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் மனைவி வந்து என்ன என்று கேட்க, அவர் விளக்கம் சொல்ல, அந்த அம்மாவும் சிரித்து, அவர்களே ஒரு அளவு பெரிய சட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கி, மக்ரூன் வாங்க வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

போன வாரம் மாலேயிலிருந்து அண்ணன் போன் பண்ணினார், எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டோம். நம் ஊர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், தோணியை எடுக்க முடியாது, கிறிஸ்மசுக்கு வர வழியில்லை என்றார். ஜெனிலா அழுதாள். பிலோமி அக்கா போனை வாங்கி, மணப்பாட்டுப் பேச்சையும் பள்ளிக்கூடப் பேச்சையும் எடுத்தார்கள். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அண்ணன், "ஷெரின்ட்ட குடு" என்றார்.

"உனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு."

"இங்கனயே இருக்கோம்ப்பா." ஷெரின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா இருந்த வீட்லயே இருக்கோம். நான் பாப்பாவப் பாத்துக்கிடுதேன். செல்வி மாமி இருக்காங்க. மணப்பாட்டு மாமியும் இங்கனயே இருக்கட்டும்."

"அப்ப அங்கனயே இருங்க. அக்கா, நீயும் பிள்ளையளோட இரி. நான் வந்து பேசிக்கிடுதேன்." அப்புறம், "தங்கச்சி, ஸ்டார் போட்டிருக்கியாமே. ஒரு போட்டோ அனுப்பு" என்றார்.

பிலோமி அக்கா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் நான் எண்ணெய்ச் சட்டி வைத்தேன். தேன்குழல் எனக்குத் தீபாவளிப் பழக்கம், வந்துவிட்டது. உன் அச்சுமுறுக்குதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மாவு அச்சை விட்டுக் கழன்று வரவே இல்லை. கம்பியால் குத்தினால் துண்டு துண்டாய் எண்ணெயில் விழுந்து கருகியது. நானும் விடவில்லை. மூன்றாவது முறை மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் நிழல் தெரிந்தது.

"என்னளா வாடை இது? தெருவே கருகுது."

"வர மாட்டேங்குதுக்கா."

"வெறும் அச்ச மாவுல முக்குனா எப்படி வரும்? மொதல்ல எண்ணெயில காய வையி. தள்ளு."

உட்கார்ந்தார்கள். எங்கள் அடுப்பில், எங்கள் சட்டியில். ஒவ்வொன்றாய்ப் பூ மாதிரி கழன்று விழுந்தது. ஒரு தட்டு நிறைந்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்கள். "வெளக்கு எரிஞ்சி பலகாரமும் சுட்டா, அவள மறந்துட்டாங்கன்னு ஆயிருமேன்னு பயந்தேன் செல்வி. வேற ஒண்ணுமில்ல. எந் தம்பி பொண்டாட்டின்னாலும், எனக்கு அவ தங்கச்சியாத்தான் இருந்தா."

"இந்த அச்சுமுறுக்கத் தின்னுட்டு அவள எப்படிக்கா மறப்போம்?" என்றேன். அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அனல் என்றார்கள். நானும் அனல் என்றேன்.

அண்ணனுக்கு எடுத்த சட்டையை ஷெரின் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள். தோணி வருகிற அன்று பழைய துறைமுகத்திலேயே போய்க் கொடுக்க வேண்டுமாம். இன்று ராத்திரிப் பூசைக்கு நானும் போகிறேன். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முட்டுக்கால் போட வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. "நான் செய்யுததப் பாத்துச் செய்யுங்க மாமி" என்று ஷெரின் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் கொஞ்சக் காலத்தில் ஜெனிலாவுக்குக் கோயிலில் முதன்முதலாய் அப்பம் வாங்குகிற புதுநன்மை வரும். வெள்ளைக் கவுன் தைக்க வேண்டும், தலைக்குப் பூமுடி வேண்டும், வேறு என்னென்னவோ வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பின்னால் ஷெரினுக்குக் காலேஜ், கல்யாணம். எதற்கு என்ன செய்வது என்று இப்போது கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது மைனி. பிலோமி அக்காவிடம் கேட்பேன், கோயில் சிஸ்டரிடம் கேட்பேன், கடையில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்திக் கேட்பேன். ஒன்றையும் விட மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் பிள்ளைகளின் மாமி, உன் மைனி
செல்வி