கம்பெனி தனக்குத் தானே எழுதிய விலை

அன்புள்ள அம்மாவுக்கு அமுதா எழுதுவது. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அம்மா, பார்சல் கொண்டு வருகிற இருதயமேரி அத்தையிடமும் சொல்லாதே, போனிலும் இதைப் பேசாதே, நைனா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்கிறார். இங்கே நாங்கள் மூவரும் சுகம். குவைத்தில் அந்த வீட்டில் இப்போதாவது உன்னை வேளைக்குச் சாப்பிட விடுகிறார்களா? முழங்காலுக்குத் தைலம் பார்சலில் வைத்திருக்கிறேன், படுக்கும்போது தேய்த்துக்கொள். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

அதே பார்சலில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய ஒரு பாரமும் நைனா வைத்திருக்கிறார். ஆறு வருஷமாக நீ அனுப்பிய பணத்தில் உன் பெயருக்கு வாங்கிய கடன் பத்திரங்கள் ஜனவரியில் முடிகின்றன இல்லையா, கம்பெனி அதைப் பணமாகத் தராமல் தன் பங்காக மாற்றித் தருகிறதாம், ஒரு பங்கு முந்நூற்றுப் பத்து ரூபாய். அதுதான் நியாய மதிப்பு என்று ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். நியாயமாம்! ஏஜெண்ட் இளையபெருமாள் மாமா கொடுத்த அந்தப் புத்தகத்தை நைனா முதல் நாலு பக்கம் படம் பார்த்து மூடிவிட்டார், நான் கடைசிவரை படித்தேன். நியாய மதிப்பு என்றால் இன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கிற விலை. சந்தையில் விலை இருந்தால் அது முதல் நிலை, அதே மாதிரி வேறொன்றின் விலையைப் பார்த்துச் சொன்னால் இரண்டாம் நிலை, எதுவுமே இல்லாமல் கம்பெனியே ஊகித்துப் போட்டால் மூன்றாம் நிலை. நம்முடையது மூன்றாம் நிலை அம்மா. வருமானம் வருஷா வருஷம் முப்பது சதவீதம் ஏறும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனால் போன வருஷம் வருமானம் இறங்கியிருக்கிறது. ஏற்றம் பாதியானால் விலை தொண்ணூறு என்று எண்பத்தேழாம் பக்கத்தில் அவர்களே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்! எழுதிவிட்டால் போதும், யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தானே?

போன வாரம் வேர்க்கடலையை ஏலத்தில் விற்க மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோனோம். மூட்டை எட்டாயிரத்து ஐந்நூறு போகும் என்று நைனா வழியெல்லாம் சொன்னார். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போட்டதில் அதிகமே ஏழாயிரத்து முந்நூறுதான், அந்தப் பணத்தைத்தான் வாங்கி வந்தார். தன் மூட்டைக்குத் தான் விலை எழுத முடியாத மனிதர், கம்பெனி தன் பங்குக்குத் தானே சீட்டு எழுதிக்கொண்டதை நம்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடமே கேட்டேன், "முன்னூத்திப் பத்துன்றீங்களே மாமா, அந்த வெலைக்கு நீங்க பத்து பங்கு எடுத்துக்கிறீங்களா?" என்று. "பாப்பா பரீட்சைக்குப் படிக்கட்டும், ஆடிட்டரே கையெழுத்து போட்டுட்டாரு, உனுக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார். அவர் போனதும் நைனா என்னை அறைந்தார், முதல் முறையாக. "உங்கம்மாகிட்ட எதனா ஓதின, ஸ்கூலுக்கே போவ வேணாம்" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இது நீ அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்த பணம்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் அம்மா. இதைப் படித்ததும் கிழித்துவிடு. பாரம் கிடைத்தது, யோசிக்கிறேன் என்று மட்டும் போனில் சொல். இதை மடித்து மிளகாய்ப்பொடி டப்பாவின் அடியில், பேப்பருக்குக் கீழே

நைனா கதவைத் தட்டுகிறார். "அமுதா, லைட்டு ஏன் எரியுது? டப்பாவ எடுத்துனு வா, பார்சலுக்கு டேப் ஒட்டணும்" என்கிறார். போடாதே அம்மா, கையெழுத்து