வாடை சட்டியிலிருந்துதான்

கதவைத் திறந்ததும் பீர் வாடை அடிக்கும். வாடை சட்டியிலிருந்துதான். நேற்று மாதிரி நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாயை ஊதச் சொல்லாதே. குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

உனக்குப் பிடித்த சாசேஜ், வெங்காயம் நிறையப் போட்டு பீரில் வேகவைத்திருக்கிறேன். சிறு தீயில் சூடாக்கு, தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதே.

பாட்டிலைத் திறந்தபோது சின்னவள் பக்கத்திலேயே நின்றாள். “மோந்து பார்க்காம ஊத்துப்பா” என்றாள். உன் பெண்தான், சந்தேகமே இல்லை. ஊற்றிவிட்டேன். இப்போது விளையாடப் போயிருக்கிறாள், அவளிடம் சாவி இல்லை. தாழ்ப்பாள் போடாதே.

இன்னொன்று. கடையில் ஜோடியாகத்தான் கொடுத்தார்கள். மற்ற பாட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நீயே சிங்கில் கொட்டிவிடு. நான் கொட்டலாம்தான், அதற்கு மூடியைத் திறக்க வேண்டுமே, வீட்டில் யாரும் இல்லை.