லிப்ட்டுக்கு மீட்டர்

ஜூன் 9, திங்கள்

மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றியது. புழுக்கம். வேலப்பன்சாவடியிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்தேன்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு முட்டித் தைலம், பச்சை மிளகாய், சாக்பீஸ். (கல்லூரி இனிமேல் தராதாம். வாசலில் புது நீரூற்று மட்டும் வைப்பார்களாம். தூ!)

நாளை இரண்டாம் வருஷத்துக்கு நவதாராளவாதம். குறிப்பு எடுக்கவில்லை.

அம்மா வழக்கம்போல் சாயங்காலம் லிப்ட்டில் கீழே போய்விட்டாள். அந்த முட்டி வலியோடு நாலு மாடி இறங்க முடியாது. கேட் பெஞ்சில் கீழ்வீட்டுக் கோமளாவோடு ஊர்வம்பு. அவளுக்கு நாள் என்பதே அந்த ஒரு மணி நேரம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பு சொதப்பல். பின் பெஞ்சுக்காரன்: "மிஸ், லிபரலிசத்துக்கு முன்னாடி நியோ போட்டுகினா வேற ஆயிடுமா?" பாடப்புத்தக வாக்கியத்தை ஒப்பித்தேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். வெயில், ஆறிய போண்டா. செகரட்டரி தணிகாசலத்துக்கு வீடு கீழ்த்தளத்தில். எழுந்தார். "நான் லிப்ட்ல காலே வெச்சதில்ல. அதுக்கு கரண்ட்டு பில்லு நான் இன்னாத்துக்குக் கட்டணும்?" கீழ்த்தளத்துத் தலைகள் எல்லாம் ஆடின.

எரிச்சல் தாங்கவில்லை. "ஆமாங்க, ஏறுறவங்களே கட்டட்டும். அப்படியே படிக்கட்டுக்கும் மீட்டர் போடுங்க. கேட்ல காத்து வாங்குறதுக்கும் போடுங்க" என்றேன்.

"பாத்தீங்களா, காலேஜ் மேடமே சொல்லிட்டாங்க!"

கைதட்டினார்கள். கிண்டல்கூடப் புரியாத ஜென்மங்கள். ராத்திரி சங்க வாட்ஸ்அப்பில்: "பேராசிரியை அவர்களின் ஆலோசனைப்படி, இனி லிப்ட்டில் ஏறுபவர்களுக்கே கட்டணம்." அது கிண்டல் என்று எழுதினேன். பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல்.

ஜூன் 17, செவ்வாய்

லிப்ட்டில் கார்டு மெஷின் மாட்டியாயிற்று. ஒரு தடவைக்கு அஞ்சு ரூபாய். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றால் மூன்று மாதம் இழுப்பார்கள், இதற்கு இரண்டே நாள். அம்மாவுக்கும் ஒரு கார்டு வாங்கிப் பணம் போட்டுக் கொடுத்தேன்.

பின் பெஞ்சுக்காரனுக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. சோசலிஸ்ட்: எல்லோரும் சேர்ந்து கட்டுவோம், லிப்ட் எல்லோருக்கும். பழமைவாதி: பெரியவங்க ஏறட்டும், சின்னப் பசங்க படியில போங்க என்று அதட்டுவான். அதிலாவது அம்மாவுக்கு இடம் உண்டு. பழைய தாராளவாதி: சங்கமே, என் வழிக்கு வராதே. நவதாராளவாதி சங்கத்தை ஒழிக்க மாட்டான். அதன் அதிகாரத்தை வைத்தே லிப்ட்டுக்குள் கடை திறப்பான். அப்புறம் நம்மை நாமே கணக்குப் பார்க்க வைப்பான்.

தணிகாசலத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கஞ்சப் பிசினாறி.

ஜூன் 21, சனி

தூறல். சீக்கிரமே வந்துவிட்டேன். அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பெஞ்சில் கோமளா தனியாக.

"கீழ போகலையா?"

"கார்டு வந்ததுலேந்தே போவல. வெட்டிப் பேச்சு பேசிகினு வர்றதுக்குப் போவ அஞ்சு, வர அஞ்சா? நீ போட்ட துட்டு அப்டியே கீது பாரு." கார்டை எடுத்துக் காட்டினாள். முகமெல்லாம் பெருமை.

துட்டு போனால் போகட்டும்மா, நீ கீழ போ என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்குக் கத்துற? ஏறுறவங்கதான் கட்டணும்னு நீதான் சொன்னியாமே. செகரட்டரி சொன்னாரு. படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் சொன்னேன்."

கோமளா கீழேயிருந்து கையை ஆட்டினாள். அம்மாவும் இங்கிருந்தே ஆட்டினாள்.