மன்னிப்புக் கேட்க ஆளில்லாத நாட்கள்

காயெய் மூன்றாம் ஆண்டு, ஆறாம் மாதம் 25

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளைகள் எழுதுவதைவிட விசிறிக்கொள்வதுதான் அதிகம்.

டோஃபு விற்கும் மோஹெய் விடைபெற வந்தார். ஓயாமா மலைக்கு யாத்திரை போகிறாராம். "நீங்க போயிட்டா இங்க யாரு மன்னிப்புக் கேக்கறது?" என்றேன். "நான் வர்ற வரைக்கும் கோபப்படாம இருங்க, வாத்தியாரம்மா" என்கிறார்!

நான் ஒரு பிள்ளையைத் தண்டித்தால் மோஹெய் வந்துவிடுவார். அந்தப் பிள்ளைக்காகத் தரையில் நெற்றி முட்ட வணங்கி, "இந்த ஒரு தடவை" என்பார். இரண்டு முறை மறுப்பேன், மூன்றாவது முறை இறங்கி வருவேன். தெருவுக்கே இது தெரியும். அவர் இருக்கிற தைரியத்தில்தான் நான் மனசாரக் கோபப்படுகிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

27

எண்ணெய்க்கடை ஹிகோசோவின் மகன் கமேகிச்சி கொண்டுவந்த வீட்டுப்பாடத்தில் சிவப்பு மையால் பெரிய வட்டமே போட்டேன். என்ன கை! அப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஹொன்ஜோவில் பெண் வாத்தியாரிடம் ஆண்பிள்ளை படித்து உருப்படுவானா என்று கேட்டவர்கள் வந்து பார்க்கட்டும். கையெழுத்து விஷயத்தில் என் கண் தப்பாது.

28

தப்பிவிட்டது.

வேலியிலிருந்து விழுந்து கமேகிச்சிக்கு நேற்று மாலையே மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்ட கையோடு வந்து, இன்றைய பாடத்தையும் அழகாக நீட்டுகிறான் மடையன். இரண்டு அதட்டலில் உண்மை வந்துவிட்டது. எழுதியதெல்லாம் என்னிடமே படிக்கும், சுவர் பூசுகிறவரின் மகள் நூயி. ஒன்பது வயது.

ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று அவளை எத்தனை தரம் கேட்டும் பதில் இல்லை. கல்லுளிமங்கி. அவன் அப்பன் முன்னால் நான் புகழ்ந்த புகழ்ச்சி என்ன, இப்போது என் முகம் என்ன! கமேகிச்சியை ஊதுவத்தி எரிந்து தீரும்வரை நிற்கவைத்தேன். நூயி வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மேசையை அவள் முதுகிலேயே கட்டி வீட்டுக்குப் போ என்றேன். இதற்கு மேல் தண்டனை எங்கள் பள்ளியில் கிடையாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் போனாள்.

நாளைக்கு யாராவது மன்னிப்புக் கேட்க வருவார்கள்.

29

யாரும் வரவில்லை.

ஏழாம் மாதம் 2

இன்றும் இல்லை. மோஹெய் இல்லாவிட்டால் என்ன, தெருவில் வேறு ஆளா இல்லை? நானே போய்க் கூப்பிடலாமா? ஆசிரியை போய் வாசலில் நிற்பதா? அப்புறம் இந்த முப்பது குரங்குகளை யார் மேய்ப்பது? நூயி உட்காரும் பாய் காலியாகவே கிடக்கிறது. பார்க்கக் கூடாது என்றிருந்தும் பார்வை அங்கேயே போகிறது.

4

குளியல்கூடத்தில் கேள்விப்பட்டேன். நூயியை எட்டாம் தேதி அசகுசாவில் ஒரு நூல் கடைக்குக் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்புகிறார்களாம். இனிப் படிப்பு இல்லையாம்.

சே! நெசமாவே தொரத்திட்டேன்னு நெனச்சிட்டாங்களா? போன வருஷம்தான் கசூசாவிலிருந்து வந்தவர்கள். மோஹெய் எதற்கு இருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதுவரை அந்தப் பெண் தண்டனை வாங்கியிருந்தால்தானே தெரிந்திருக்கும்!

அந்தக் கை போய்க் குழந்தைத் துணி அலசுவதா? விடமாட்டேன்.

5

போனேன். அவள் அம்மா தோசே மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள். பார்லித் தண்ணீரும் கொடுத்தாள்.

"ஏம்மா, போன்னு சொன்னா அப்படியே போயிடறதா? யாராவது வந்து மன்னிப்புக் கேக்கணும். நான் ரெண்டு தடவ மாட்டேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் மேசை திரும்பி வரும்."

"எங்க ஊர்ல போன்னா போதான், வாத்தியாரம்மா. அப்போ அன்னிக்கு நீங்க நெசமா கோபப்படலியா?"

"நெசமாத்தான் பட்டேன்."

"வேற யாரோ ஒருத்தர் வந்து குனிஞ்சா அது போயிடுமா?"

பார்லித் தண்ணீரைக் குடித்தேன்.

அவள் விடவில்லை. "தப்பு ரெண்டு பேரோடது. எண்ணெய்க்கடைப் பையனுக்கு ஊதுவத்தி, எம் பொண்ணுக்கு மேசையா? ஏன் எழுதிக் கொடுத்தான்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே! வாயத் தொறந்தாளா?"

"அவளோட பாடப் புத்தகத்துல மழை எப்படி இருக்கு, நலமா, மழை எப்படி இருக்கு, நலமா, இதத் தவிர ஒண்ணுமில்லியாம். அவன் புத்தகத்துல கப்பல் வர்ற ஊரெல்லாம் இருக்காம். அத எழுதத்தான் எழுதினா. நீங்க எழுதித் தந்த புத்தகத்த நீங்களே நல்லா இல்லன்னு எப்படிச் சொல்லுவா?"

கமேகிச்சிக்கு எண்ணெய்க்கடைப் பாடம், நூயிக்குப் பெண்கள் கடிதப் பாடம். இரண்டும் என் கையால் எழுதியவைதான். வீட்டுக்கு வீடு, தொழிலுக்குத் தொழில் தனிப்பாடம் எழுதித் தருகிறேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான். நூயிக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

"தப்பு என்னோடது" என்றேன். சொல்லி முடித்தபின் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தோசே என்னையே பார்த்தாள். பிறகு, "நூல் கடைக்கு வேற பொண்ணு பாத்துக்கச் சொல்றேன்" என்றாள். "மேசைய அவ முதுகுல கட்டினது நீங்க. அது திரும்பி வர்றதும் உங்க பாடு."

சரி. யார் பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

6

நாளை தனபாதா, நட்சத்திரத் திருவிழா. இன்று மை அரைக்கும் கல்லும் மேசையும் கழுவும் நாள். பிள்ளைகள் எல்லாரும் கிணற்றடியில், முழங்கை வரை மையோடு. காலையிலேயே போய் நூயியின் மேசையை என் முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவள் பின்னால் வந்தாள். குளியல்கூடத்தைத் தாண்டி, எண்ணெய்க்கடையைத் தாண்டி, தெரு முழுக்க நடந்தேன். ஹிகோசோ கையிலிருந்த அளவைப் பாத்திரத்தைக் கீழே போட்டார். போடட்டும் என்று நிமிர்ந்தே நடந்தேன்.

கிணற்றடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் கமேகிச்சிதான் கத்தினான்: "டேய்! வாத்தியாரம்மாவத் தொரத்திட்டாங்கடா!"

முப்பது குரங்குகளும் சிரித்த சிரிப்பில் கிணறே எதிரொலித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

நூயி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்து, ஈரத் தரையில் மண்டியிட்டு, அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நெற்றி தரையில் முட்ட வணங்கினாள்.

"இந்த ஒரு தடவ வாத்தியாரம்மாவ மன்னிச்சுடுங்க. இனிமே ஒழுங்கா இருப்பாங்க. நான் பொறுப்பு."

படுபாவிகள். மூன்றாவது தடவைதான் ஒத்துக்கொண்டார்கள்.

9

கமேகிச்சி இன்று தன் இடது கையாலேயே எழுதிக் கொண்டுவந்தான். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வட்டம் போட்டேன். நூயி தன் புதுப் பாடத்தில் கப்பல் துறைமுகங்களை எழுதி ஒசாகா வரை வந்துவிட்டாள், அடுத்த ஊர் எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.